பதினைந்து நிமிடக் குடும்ப ஜெபம்

இரவு எட்டே முக்கால். ஹாலில் பாய் விரித்தாகிவிட்டது. அப்பா வேதாகமத்தில் யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தில் இருக்கிறார். மூடுதிரைகள், கொக்கிகள், பலகைகள், வெள்ளிப் பாதங்கள், தாழ்ப்பாள்கள் என்று வாசித்துக்கொண்டே போகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது. ஆச்சி சுவரில் சாய்ந்தபடியே அசந்துவிட்டார். குழம்பு அடுப்பில் இருப்பதால் அம்மாவின் காது சமையலறையில் இருக்கிறது. வாசிப்பு முடிந்து அப்பா ஜெபிக்கத் தொடங்கினால் இன்னும் பன்னிரண்டு நிமிடம். மார்ச் மாதம், பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. "இன்னைக்கு ஒரு நாள் பிள்ளை படிக்கட்டும்" என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். அடுத்த நாளும் வரும். நிறுத்துவோம் என்று யாரும் முடிவெடுக்காமலே இரண்டு வாரத்தில் இந்த வீட்டில் குடும்ப ஜெபம் நின்றிருக்கும்.

நின்றுபோன வீடுகளில் காரணம் கேட்டால் கைபேசி என்பார்கள், டிவி என்பார்கள், டியூஷன் என்பார்கள். வீடு சந்திப்புக்கும் ஓய்வுநாள் பாடசாலைக்கும் (சண்டே ஸ்கூல்) பல வருடமாகப் போய்வருபவர்கள் அந்தப் பாயில் கூட உட்கார்ந்து பார்த்தால் வேறு இரண்டு காரணங்கள் தெரியும். ஒன்று, நீளம். இன்னொன்று, ஜெபத்தை வைத்தே பிள்ளைகளைத் திட்டுவது. கைபேசி வருவதற்கு முன்பும் இந்த இரண்டினால்தான் குடும்ப ஜெபம் நின்றது.

நேரம்

கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பதைவிட, வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டிவிடுவது நல்லது. பெரும்பாலான வீடுகளுக்கு அது இரவுச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் வைத்தால் நிலைக்கும். பின் வைத்தால் நிலைக்காது. சாப்பிட்டதும் சின்னதுகளுக்குக் கண் சொருகும், தாத்தாவுக்கு மாத்திரை நேரம் வரும், அம்மாவுக்குப் பாத்திரம் கிடக்கும், மூத்தவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பான். ஒருமுறை கலைந்த கூட்டத்தை மறுபடி கூட்டுவது கடினம்.

அடுப்பை அணைத்த பிறகே உட்கார வேண்டும். அடுப்பில் ஏதாவது இருந்தால் ஒருவர் ஜெபத்தில் இல்லை என்று அர்த்தம். அந்த ஒருவர் எப்போதும் அம்மாதான். இரவு தோசை என்றால் சட்னியை அரைத்து, மாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு உட்காரலாம். கல்லைப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது.

வாரத்துக்கு ஐந்து நாள் போதும். ஏழு நாளும் என்று தொடங்கும் வீட்டில் முதல் தவறுக்கே குற்ற உணர்வு வந்துவிடும், அதுவே நிறுத்திவிடும். லெந்து காலத்தில் நாற்பது நாளும் விடாமல் நடத்திவிட்டு, ஈஸ்டருக்கு மறுநாள் அடியோடு விட்டுவிடும் வீடுகள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறோம், அன்று வீட்டில் சாப்பாட்டு ஜெபம் போதும். இன்னொரு நாளையும் முன்கூட்டியே விட்டுவிடுங்கள்.

அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு கணக்கு. நம் ஊரில் 8.30 என்றால் துபாயில் 7.00, சவூதி, குவைத், கத்தாரில் 6.00. சவூதியில் இருப்பவருக்கு ஆறு மணிக்கு வேலை முடிந்திருக்காது என்றால் இங்கே 9.00க்கு வைக்க வேண்டிவரும், அப்போது சின்னப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சாப்பாடு கொடுத்துவிடலாம். வீடியோ அழைப்பில் சேர்ந்து பாடுவது நடக்காது. குரல் போய்வரச் சற்றுத் தாமதமாகும், அவர் இரண்டாம் அடியில் இருக்கும்போது இங்கே மூன்றாம் அடி ஓடும். பாட்டு நேரத்தில் அவர் பக்கத்து மைக்கை அணைத்துவிட்டு, வசனம் வாசிப்பதையோ கடைசி ஜெபத்தையோ அவருக்குக் கொடுங்கள். சிக்னல் போனால் அழைத்து அழைத்துப் பத்து நிமிடத்தை வீணாக்க வேண்டாம். முடித்துவிட்டு, அன்றைய பகுதியைப் பிள்ளை ஒரு குரல் பதிவாக வாசித்து அனுப்பட்டும். அறையில் தனியாக இருக்கும் மனிதருக்கு அது பெரிய ஆறுதல்.

பதினைந்து நிமிடம் எப்படிப் போகும்

பாட்டுக்கு மூன்று நிமிடம், வாசிப்புக்கு நான்கு, பேச்சுக்கு மூன்று, ஜெபத்துக்கு நான்கு, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபமும் முடிவில் சொல்லும் ஆசீர்வாதமான கிருபை வாக்கியமும் சேர்த்துச் சொல்ல ஒன்று. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில் இதையும் பாதியாக்குங்கள். பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருக்கும்போதே முடித்துவிட்டால் மறுநாள் அதுவே வந்து உட்காரும்.

பாட்டில் இரண்டு சரணம் பாடினால் போதும். ஏழு சரணமுள்ள கீர்த்தனையை முழுதாக எடுத்தால் பாட்டிலேயே பாதி நேரம் போய்விடும். ஒரே பாட்டை ஒரு வாரம் பாடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் சின்னவனுக்கும் மனப்பாடமாகிவிடும். ஒரு வாரம் ஆச்சிக்குப் பிடித்த கீர்த்தனை அல்லது பாமாலை, மறுவாரம் பிள்ளைகள் கொண்டுவரும் பாட்டு. சுருதியை அப்பா எடுத்தால் வழக்கமாகத் தவறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தொடங்குவார் அல்லது அம்மாவுக்கு இறங்காத இடத்தில். பிள்ளையை முதல் அடி எடுக்கச் சொல்லி மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். யூடியூபில் பாட்டை ஓடவிட்டுக் கூடப் பாடுவது வேண்டாம். நடுவில் விளம்பரம் வரும், அதைத் தள்ள ஒருவர் கைபேசியை எடுப்பார், அதோடு எல்லாம் கலையும்.

வாசிப்பில்தான் பெரும்பாலான வீடுகள் வழுக்குகின்றன. வருடத்தில் வேதாகமத்தை ஒருமுறை முடிப்பது நல்ல பழக்கம். மொத்தம் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று படித்தால் 52 வாரத்தில் முடியும். அது தனி ஆளுக்கான கணக்கு. அதைப் பாயில் கொண்டுவந்து போடக் கூடாது. குடும்பமாகத் தினம் ஒரு அதிகாரம் என்று ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் பிப்ரவரி முழுக்க நன்றாகப் போவார்கள். யோசேப்பு, மோசே, செங்கடல் என்று கதை இழுத்துக்கொண்டு போகும். யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் 75ஆவது நாள், அதாவது மார்ச் 16. அங்கேதான் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்குகின்றன. ஏப்ரல் 1 வந்தால் பலிகளின் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம். பிள்ளைகளுக்குத் தேர்வு வரும் நாட்களும் இவைதான். முதலில் பார்த்த வீட்டின் பாய் மார்ச்சில் சுருண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு மாற்கு சுவிசேஷம் ஏற்றது. 16 அதிகாரம், வேகமாக ஓடும், நீண்ட பிரசங்கம் குறைவு. 678 வசனத்தைத் தினம் 12 முதல் 15 வசனமாகப் பிரித்தால் ஐம்பது நாள் அளவில், ஐந்து நாள் வாரத்தில் பத்து வாரத்தில், முடியும். அதிகாரத்தின் முடிவைப் பார்க்காமல் சம்பவத்தின் முடிவில் நிறுத்துங்கள். முதல் அதிகாரத்தையே எடுத்துக்கொண்டால் 13 வரை யோவானும் ஞானஸ்நானமும் சோதனையும், 14 முதல் 20 வரை வலைகளை விட்டு வந்த மீனவர்கள், 21 முதல் 34 வரை கப்பர்நகூம், மீதி குஷ்டரோகி. நான்கு நாள். மாற்கு முடிந்ததும் ரூத், நான்கே அதிகாரம். பிறகு யோனா, பிலிப்பியர், யாக்கோபு. அதன்பின் ஆதியாகமம் 37இலிருந்து யோசேப்பின் கதை. நீதிமொழிகளை அதிகாரமாக வாசித்தால் ஒன்றும் நிற்காது. பத்தாம் அதிகாரத்துக்கு மேல் ஒவ்வொரு வசனமும் தனித்தனி, நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம்.

மொழியும் ஒரு தடை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715க்குள் அங்கேயே அச்சாகிவிட்டது. அதன்பின் எத்தனையோ கைகள் திருத்தின. இன்று நம் வீடுகளில் அதிகம் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பின் நடை 1871இல் வந்தது. நமக்கு அந்த நடை தாலாட்டுப்போல் காதில் ஊறிவிட்டது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு உக்கிராணக்காரன் யார், ஆயக்காரன் யார் என்று தெரியாது. வாசிப்பதற்கு முன்பே அன்றைய பகுதியில் இரண்டு சொற்களை எடுத்துச் சொல்லிவிடுங்கள்: உக்கிராணக்காரன் என்றால் முதலாளியின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள், ஆயக்காரன் என்றால் வரி வசூலிப்பவன். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கடினமான இடத்தில் கைகொடுக்கும். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையை வசனத்தின் நடுவில் திருத்தாதீர்கள். அன்றைய பகுதியில் தன் பங்கு எந்த இரண்டு வசனம் என்று காலையிலேயே சொல்லிவிட்டால் மாலைக்குள் பார்த்து வைத்திருக்கும். தடுமாறினால் முடியும்வரை காத்திருங்கள். அண்ணன் சிரித்தால் அண்ணனைத்தான் நிறுத்த வேண்டும்.

வாசித்த பிறகு பிரசங்கம் வேண்டாம். ஒரு கேள்வி போதும், அதுவும் ஓய்வுநாள் பாடசாலைத் தேர்வுக் கேள்வியாக இருக்கக் கூடாது. "இயேசு எத்தனை பேருக்குச் சாப்பாடு கொடுத்தார்?" என்றால் பிள்ளை ஐயாயிரம் என்று சொல்லி முடித்துவிடும். "உனக்கு இதில் எது புரியல?", "நீ அந்தப் படகில் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?", "இதில் யாரைப் பார்த்தா பாவமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு மனசுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பெரியவர்களுக்கு இது மிகவும் கஷ்டம், மூன்று எண்ணுவதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். பிள்ளைகள் பேசுவது ஏழு எட்டுக்கு மேல்தான்.

ஜெபம்

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனைப் பார்க்குது, கணக்குல நாப்பத்திரண்டு மார்க் வாங்கியிருக்கு, நீரே நல்ல புத்தியைக் கொடும்" என்று அப்பா ஜெபிக்கிறார். பிள்ளை கண்ணை மூடித் தலை குனிந்திருக்கிறது. பதில் சொல்ல முடியாது, எழுந்து போக முடியாது, தாத்தாவும் அத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிவில் ஆமென் என்று தானே சொல்லவும் வேண்டும். இதைவிட ஒரு பிள்ளையைக் கூச வைக்கும் இடம் வீட்டில் வேறு இல்லை. இப்படி நாலு தடவை நடந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆண்டவர் அப்பா பக்கத்து ஆள். பதினெட்டு வயதில் விடுதிக்குப் போனதும் முதலில் விடுவது ஜெபத்தைத்தான். பிறகு "காலேஜ் போய்க் கெட்டுப்போச்சு" என்கிறோம். கணவன் மனைவிக்குள்ளும் இது நடக்கிறது. "இவருடைய கோபத்தை மாற்றும் ஆண்டவரே" என்று எல்லார் முன்னாலும் ஒருவர் சொன்னால், மற்றவர் ஜெபிக்கும்போது அதற்குப் பதில் வரும்.

"பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியர் 6:4 தொடங்குகிறது. ஒரு விதியை வைத்துக்கொண்டால் போதும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தனியாகச் சொல்லாத குறையை, அது கண்ணை மூடியிருக்கும்போது ஆண்டவரிடம் சொல்வதில்லை. பிள்ளைக்காக ஜெபிக்க வேண்டுமானால் முதலில் அதனிடமே கேளுங்கள். "உனக்காக இன்னைக்கு எதுக்கு ஜெபிக்கட்டும்?" பல்வலி என்று சொல்லும், தோழியோடு சண்டை என்று சொல்லும், ஒன்றுமில்லை என்றும் சொல்லும். சொன்னதை மட்டும் ஜெபியுங்கள். கணக்கு மார்க்கை அதுவாகவே ஒருநாள் கொண்டுவரும்.

ஒவ்வொருவரும் மூன்று நான்கு வாக்கியம். அப்பா உலக சமாதானத்தில் தொடங்கி நாட்டுத் தலைவர்கள், திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகள்), சேகரம் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்), சொந்தக்காரர் என்று சுற்றி வந்தால் மற்றவர்களுக்கு இடமில்லை. அந்தப் பட்டியலை வாரத்துக்குப் பிரித்துவிடலாம்: திங்கள் சபை, செவ்வாய் பள்ளியும் வேலையும், புதன் நோயாளிகள், அப்படி. பிறர் வீட்டு விஷயங்களை ஜெபிக்கும்போது கவனம் வேண்டும். கடன், குடும்பச் சண்டை, நின்றுபோன கல்யாணம், இதையெல்லாம் பெயரோடு சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயில் காம்பவுண்டில் பிள்ளை வாயிலிருந்து அது வெளியே வரும். "ஒரு குடும்பத்துக்காக" என்றாலே ஆண்டவருக்குத் தெரியும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். இடது பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலது பக்கம் நடந்ததும் அதன் தேதியும். எழுதுவது பிள்ளையின் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். வலது பக்கம் காலியாக இருக்கும் வரிகளை மறைக்காதீர்கள். ஆச்சி பிழைக்க வேண்டும் என்று ஆறு வாரம் ஜெபித்து, ஆச்சி இறந்துபோனால் பிள்ளை அந்த வரியைத்தான் பார்க்கும். "தேவ சித்தம்" என்று உடனே மூடிவிட வேண்டாம். 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கலாம் என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் கேட்கலாம். அதுவும் போதாத நாளில் 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது. வேதத்தில் அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை, துக்கத்தை மறைத்துக்கொண்டு கோயிலுக்கு வர வேண்டியதில்லை.

கைபேசியும் ரீல்ஸும்

கைபேசிகளைக் கூடையில் போடச் சொல்லும் வீடுகளில் பிள்ளைகளுடையவை மட்டும் கூடைக்குப் போகும், அப்பா தன்னுடையதில் வேதம் வாசிப்பார். வாசிக்கும்போதே மேலே வாட்ஸ்அப் செய்தி இறங்கும், அவர் கண் அங்கே போவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அச்சு வேதாகமம் எடுங்கள், வயதானவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு. கைபேசியில்தான் வாசிக்க வேண்டும் என்றால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். முதலில் கூடையில் விழ வேண்டியது அப்பாவின் கைபேசி.

வளர்ந்த பிள்ளைகளிடம் சத்தமாக ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பதின்மூன்று முதல் பதினேழு வரை குரலும் உடலும் மாறும் வயது, தன் குரலே தனக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு வேலை கொடுங்கள். அடுத்த வாரத்துக்கான பகுதிகளைப் பிரிப்பது, பாட்டைத் தேர்ந்தெடுப்பது, கீபோர்டு வாசிப்பது. சந்தேகம் கேட்டால் சந்தோஷப்படுங்கள். "பரிணாமம் உண்மையா?", "என் ஃபிரெண்டு வேற மதம், அவ நரகத்துக்குப் போவாளா?" என்று கேட்கும் பிள்ளை இன்னும் உங்களோடு பேசுகிறது. தெரியாவிட்டால் "எனக்குத் தெரியல, ஐயர்ட்ட கேப்போம்" என்று சொல்லி, நிஜமாகவே சபைப் போதகரான ஐயரிடம் கேட்டு வாருங்கள்.

அவர்கள் கைபேசியில் பார்க்கும் பிரசங்கத் துண்டுகளை ஒதுக்கிவிடாமல் வெள்ளிக்கிழமை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம். சொல்லப்பட்ட வசனத்தை எடுத்து, அதற்கு முன் பத்து வசனமும் பின் பத்து வசனமும் வாசியுங்கள். யாருக்கு எழுதினது, எந்தச் சூழ்நிலையில் என்று பாருங்கள். வீடியோவின் அடியில் பணம் அனுப்பும் எண் ஓடுகிறதா என்றும் பாருங்கள். நம் வீட்டுச் சுவரிலிருந்தே இதைத் தொடங்கலாம். வருடப்பிறப்பு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று கர்த்தர் சொல்வது. வேலை கிடைக்கும், வீடு கட்டுவோம் என்ற நினைப்போடு அதை ஒட்டிவைக்கிறோம். ஒரு வசனம் மேலே போனால் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வாசித்தவர்களில் பலர் திரும்பி வரும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். இதைப் பதினைந்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து கண்டுபிடித்தால், அட்டையின் வசனம் அதற்கு முன்னைவிடக் கனமானதாகத் தோன்றும். மேடையில் யாராவது உடனடி ஆசீர்வாதம் விற்றால் அதற்குச் சந்தேகம் வரும்.

யார் நடத்துவது

சேகர கமிட்டித் தேர்தல் வந்தால் 1 தீமோத்தேயு 3:5 எல்லார் வாயிலும் வரும். "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" எதிர்த்து நிற்பவரின் மகன் எங்கே சுற்றுகிறான் என்று பேசுவதற்கு அந்த வசனத்தைப் பயன்படுத்துகிறோம். வாரத்தில் மூன்று நாள் கமிட்டி, கட்டடக் குழு, பண்டிகைக் குழு என்று இரவு பத்தரைக்கு வீடு திரும்பும் மூப்பர்களைப் பற்றியும் அது பேசுகிறது. ஏலி ஆசாரியனாகக் குறையில்லாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தன் மகன்களான ஓப்னியையும் பினெகாசையும் அடக்கவில்லை. சபையே இதற்கு உதவ முடியும். கூட்டத்தை 6.30க்குத் தொடங்கி 8.15க்கு முடிப்பது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்து மினிட்ஸில் எழுதிவிடுங்கள். கணக்கை இரண்டு நாள் முன்பே நகலெடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் கூட்டத்தில் அதை வாசிக்கும் முக்கால் மணி நேரம் மிச்சம். ஐந்து பொருளுக்கு மேல் ஒரு நாளில் எடுக்க வேண்டாம்.

வீட்டில் நடத்துவது அப்பா மட்டும்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இளம் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் வந்தது என்று பவுல் எழுதுகிறார். அவன் தகப்பன் கிரேக்கன். ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அப்பா, ஒரு நாள் மூத்த பிள்ளை என்று மாற்றிக்கொண்டால் அப்பா ஊரில் இல்லாத நாளிலும் ஜெபம் நடக்கும். கணவர் விசுவாசத்தில் இல்லாத வீட்டில் ஹாலில் பாய் விரித்துச் சத்தமாகத் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் படுக்கும்போது ஐந்து நிமிடம், ஒரு சம்பவம், ஒரு சிறு ஜெபம். அவர் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினால் அவருக்கு அது புரிந்துவிடும்.

புதிதாக வந்த மருமகள் பெந்தெகொஸ்தே சபையிலோ கத்தோலிக்கக் குடும்பத்திலோ வளர்ந்தவளாக இருக்கலாம். ஒரு வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள், இன்னொரு வீட்டில் ஜெபமாலை சொல்வார்கள், நம் வீட்டில் ஒருவர் பின் ஒருவர். முதல் வாரமே "நீ ஒரு பாட்டுப் பாடும்மா" என்று கேட்டு அவளைப் பரீட்சையில் உட்கார வைக்காதீர்கள். ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பிறகு "உங்க வீட்டுல எப்படிப் பண்ணுவீங்க, ஒரு நாள் அப்படியே பண்ணுவோம்" என்று அத்தையே கேட்டால் அந்தப் பெண்ணுக்கு வீடு திறந்துவிடும்.

அப்பாவோ அம்மாவோ மன்னிப்புக் கேட்க வேண்டிய நாள்தான் தலைமைத்துவத்தின் கடினமான நாள். கேட்கும் விதம் முக்கியம். "நேத்து ராத்திரி கோபத்துல உன்னை எல்லார் முன்னாடியும் அடிச்சேன். அது தப்பு. என்னை மன்னிச்சுக்கோ." இவ்வளவுதான். "ஆனா நீயும் எதிர்த்துப் பேசின" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அது மன்னிப்பாகாது. அடித்தது எல்லார் முன்னும் என்றால் மன்னிப்பும் எல்லார் முன்னும். பாட்டு தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஜெபத்துக்குள் வைத்து ஆண்டவரிடம் கேட்டால் பிள்ளையிடம் கேட்டதாக ஆகாது. மன்னித்தேன் என்று உடனே சொல்லும்படி பிள்ளையை நெருக்கவும் கூடாது.

ஆமென் சொன்ன பிறகு

"நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்கிறது உபாகமம் 6:7. ஜெபம் முடிந்து சாப்பிட உட்காரும்போது பேசுவதும் இதில் சேர்ந்ததுதான். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று எட்டரைக்கு வாசித்துவிட்டு, எட்டே முக்காலுக்கு "அவங்க நம்ம ஆளுங்க இல்லையே" என்று கல்யாணப் பேச்சு நடந்தால் பிள்ளை இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் எழுதி உத்தரவிட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகும் நம் வரன் தேடல்களில் விசுவாசத்துக்கு அடுத்த கேள்வி எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். வரதட்சணைப் பேச்சும் அப்படித்தான், வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைப்பதும் அப்படித்தான். ஐயரைப் பற்றியும் ஐயரம்மாவைப் பற்றியும் சாப்பாட்டில் குறை பேசிவிட்டு, ஞாயிறு காலை பிள்ளையைத் திருவிருந்துக்கு எழுப்பினால் அது எழும்பாது.

எவ்வளவு கவனமாக நடத்தினாலும் ஒரு சமயம் விட்டுப்போகும். ஆஸ்பத்திரி, சாவு, வீடு மாற்றம், தேர்வு என்று ஏதோ ஒன்று வந்து இரண்டு மாதம் ஓடிவிடும். ஜனவரி 1 வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இனிமேல் தவறவே கூடாது என்று வீட்டைக் கூட்டி அறிவிப்பும் செய்யாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அடுப்பை அணைத்ததும் பாயை எடுத்துப் போட்டு உட்காருங்கள். யார் வருகிறார்களோ அவர்கள் போதும். 117ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனம், சின்னவனை வாசிக்கச் சொல்லுங்கள். பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லிவிட்டுச் சாதம் பரிமாறலாம்.